கல்லாயிக்கு ஒரு வாய்

பெரும்பஞ்சம் முடிந்த அறுபத்தோராம் ஆண்டு, தை மாதம், கூழாங்கரை ஊரின் குளத்தங்கரையில் ஒன்பது பிள்ளைகள் துலாக்கோலில் ஏறினார்கள். ஒன்பதாவதாக ஏறிய சிறுமியின் பெயர் செண்பகம்.

அவள் ஏறியபோது நடந்ததுதான் கதை. பிள்ளைகளே, கேளுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தென்முடியான் என்று ஓர் அரசன் இருந்தான். அவன் ஆட்சியில் மூன்று ஆண்டுகள் மழை பெய்யவில்லை. முதல் ஆண்டு மக்கள் விதைநெல்லைத் தின்றார்கள். இரண்டாம் ஆண்டு மாடுகளை விற்றுத் தின்றார்கள். மூன்றாம் ஆண்டு தின்ன ஒன்றும் இல்லை.

மழை வந்த பிறகு அரசன் ஊர் ஊராகப் போனான். கூழாங்கரைக் குளத்தங்கரையில் ஒரு சிறுமி இறந்து கிடந்தாள். ஏழு வயது இருக்கும் என்றார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அவள் வாய் திறந்திருந்தது. மூடப் பார்த்தார்கள். மூட முடியவில்லை.

அரசன் அழுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அழுதானோ இல்லையோ, ஒரு காரியம் செய்தான். சிற்பி ஒருவனை வரவழைத்தான். இந்தப் பிள்ளை வேளைக்கு உண்டு, ஓடி விளையாடி வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பாளோ அப்படிக் கல்லில் செதுக்கச் சொன்னான். ஏழு வயதில் நலமாக இருக்கும் பிள்ளையின் எடை எதுவோ, அதுவே சிலையின் எடையாகவும் இருக்க வேண்டும் என்றான்.

கல் கனமான பொருள் அல்லவா? அதனால் சிலை கைக்குழந்தை அளவில்தான் வந்தது. முகம் மட்டும் ஏழு வயது முகம். வாயைச் சிற்பி மூடிச் செதுக்கியிருந்தான். கழுத்தடியில் ஒரு சின்னக் குழி வைத்திருந்தான். ஊரார் அதற்குக் கல்லாயி என்று பெயர் வைத்தார்கள்.

ஆண்டுதோறும் தை மாதம் ஏழு வயதுப் பிள்ளைகளைத் துலாக்கோலின் ஒரு தட்டிலும், கல்லாயியை மறு தட்டிலும் வைக்க வேண்டும். கோல் நேராக நின்றால் பிள்ளை நலம். பிள்ளையின் தட்டு மேலே போனால் அந்த வீட்டுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தானியம் வரும். இதுதான் அரசன் சொன்னது. பிள்ளையின் தட்டு கீழே இறங்கினால் என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அந்தக் காலத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது.

அரசன் போனான். களஞ்சியமும் போனது. துலாக்கோல் மட்டும் மிஞ்சியது. எதற்காக நிறுக்கிறோம் என்பதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது. பிள்ளை கனமாக இருந்தால் வீட்டுக்குப் பெருமை என்று யாரோ சொன்னார்கள். பெருமைக்கு ஒரு பரிசு வேண்டும் என்று வேறு யாரோ சொன்னார்கள். கடைசியில், எந்த வீட்டுப் பிள்ளை கல்லாயியை மேலே தூக்குகிறதோ, அந்த வீட்டு வயலுக்குத்தான் குளத்துத் தண்ணீர் முதலில் என்று ஆனது. இதை யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது. வழக்கம் மாறும்போது யாரும் தமுக்கு அடிப்பதில்லை.

இன்னொன்றும் மாறியது. பஞ்சத்தைக் கண்டவர்கள் உயிரோடு இருந்தவரை, சாப்பிட உட்காருமுன் ஒரு பிடி சோற்றைக் கல்லாயிக்கென்று எடுத்து வாசலில் வைப்பார்கள். அணிலும் காக்கையும் தின்னும். பிறகு அந்தப் பிடி வாசலுக்குப் போகாமல் பிள்ளையின் வாய்க்குப் போனது. வயிறு நிறைந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையிடம் தாய்மார்கள் இப்படிச் சொல்லி ஊட்டினார்கள்:

"ஒரு வாய் உனக்கு. ஒரு வாய் எனக்கு. ஒரு வாய் கல்லாயிக்கு."

மூன்றும் பிள்ளையின் வாய்க்குள்தான் போயின. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

இனி செண்பகத்தின் தாய் ஆவுடையைப் பற்றி.

ஆவுடையின் வயல் கடைமடையில் இருந்தது. குளத்துத் தண்ணீர் எல்லா வயலையும் நனைத்துவிட்டு, மீதி இருந்தால் அங்கே வரும். முந்தைய இரண்டு ஆண்டுகளும் மீதி இல்லை. நாற்று நின்ற இடத்திலேயே வைக்கோலானது. இன்னொரு ஆண்டும் இப்படிப் போனால் நிலத்தை விட்டுவிட்டு ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்று அவள் கணவன் சுடலை சொல்லிவிட்டான். அவன் அதிகம் பேசாதவன். சொன்னால் சொன்னதுதான்.

வரும் தையில் செண்பகத்துக்கு ஏழு வயது. ஒரே பிள்ளை, ஒரே வாய்ப்பு.

ஆவுடை ஆடி மாதமே தொடங்கிவிட்டாள். அதுவரை செண்பகம் தின்றது கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும், முருங்கைக்கீரையும் மோரும்தான். இனி பச்சரிசிச் சோறு. சோற்றுக்கு நெய், நெய்க்கு மேல் வெல்லப்பாகு. இரண்டு வேளைக்கு நடுவே அதிரசம், அதிரசத்துக்கும் சோற்றுக்கும் நடுவே முறுக்கு. கைவளையல்களில் பாதியை விற்றுத்தான் இதெல்லாம் வாங்கினாள். அவளும் சுடலையும் கூழ் குடித்தார்கள்.

பிள்ளை போதும் என்றபோதெல்லாம் அவள் அந்த மூன்று வாயைச் சொல்லி ஊட்டினாள். ஒரு வாய் உனக்கு. ஒரு வாய் எனக்கு. ஒரு வாய் கல்லாயிக்கு.

அடுத்த வீட்டுக் கோமுவின் மகன் மாசானத்துக்கும் அதே வயது. அங்கேயும் இதே கதைதான். சுவருக்கு இந்தப் பக்கம் ஆவுடை ஊட்டுவாள், அந்தப் பக்கம் கோமு ஊட்டுவாள். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் கல்லாயி பெயரைச் சொல்லும்.

"என்ன மதினி, உங்க வீட்டுத் தட்டு இறங்குமா?" என்று கோமு சுவருக்கு மேலே எட்டிக் கேட்பாள்.

"உன் மகன் தட்டோடு சேர்த்துத் துலாக்கோலே இறங்கிடும் போலிருக்கே," என்பாள் ஆவுடை. இருவரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இருவரும் அன்றைக்கு இன்னொரு கரண்டி நெய் கூட ஊற்றுவார்கள்.

ஆனால் ஊரில் ஒரு சங்கதி பேச்சாக இருந்தது. சில ஆண்டுகளாக எந்தப் பிள்ளையின் தட்டும் இறங்குவதே இல்லை. எவ்வளவு ஊட்டி வளர்த்த பிள்ளையும் தட்டில் உட்கார்ந்ததும் காற்றாடியைப் போல மேலே போனது. பிள்ளையின் தட்டு ஓரளவாவது தாழ்ந்த வீட்டுக்கு முதல் தண்ணீர் என்று மடைக்காரர் ஆண்டியப்பன் சமாளித்து வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முன்போல் இல்லை என்று ஊரார் சொன்னார்கள். கல் முன்போல் இல்லை என்று ஒருவரும் நினைக்கவில்லை. கல் மாறுமா என்ன?

ஐப்பசியில் ஒரு நாள், கல்லாயி மாடத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் முறை ஆவுடைக்கு வந்தது. உச்சி வெயிலில் குளத்தங்கரைக்குப் போனாள். வெயிலில் ஒரு பறவை இல்லை. தண்ணீர் அசையவில்லை.

கல்லாயி அமர்ந்திருந்த மாடத்தை நோக்கி எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. பீடத்தில் ஏறி, வயிற்றில் ஏறி, உதட்டோரத்தில் மொய்த்தது. ஆவுடை முந்தானையால் துடைத்தாள். துணியில் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். நெய்யும் வெல்லப்பாகும்.

யாரோ பிள்ளைகள் விளையாட்டாகப் பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள்.

ஏழு வயதில் அவளும் இந்தக் கல்லோடு நிறுக்கப்பட்டவள்தான். அன்று தன் முறை வரும்வரை கல்லாயியின் கழுத்துக்குழியில் விரல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது குழி இல்லை. கழுத்தே இல்லை. கன்னம் தோளில் அமர்ந்திருந்தது. கண்கள் இரண்டும் கீறல்களாகச் சுருங்கியிருந்தன. எண்ணெய் படிந்து படிந்து இப்படி ஆகியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் செண்பகம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் மற்றப் பிள்ளைகள் கோடு கிழித்துப் பாண்டி ஆடினார்கள். முன்பு அந்தத் தெருவில் ஒற்றைக் காலில் அதிக நேரம் நிற்பவள் செண்பகம்தான். இப்போது ஆடப் போனால் மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது. படுத்தால் வாயால் மூச்சு விட்டாள். மாசானமும் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் நாவல் மரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் பழம் உலுக்கிப் போடுகிறவன் அவன்.

"அம்மா, பசின்னா எப்படி இருக்கும்?" என்று செண்பகம் கேட்டாள். "மாசானம் கேட்டான். எனக்கும் மறந்துபோச்சு."

ஆவுடை வயலை நினைத்தாள். சோறு பிசையப் போனாள்.

அன்று காலையில்தான் சாணமிட்டுத் தரை மெழுகியிருந்தாள். இன்னும் முழுக்கக் காயவில்லை. செண்பகம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"யாருக்குடி இடம் விடுதே?"

"கல்லாயிக்கு. அவ உட்கார எடம் பத்தலையாம்."

ஆவுடை தரையைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில், ஈரச் சாணத்தில், ஒரு கைக்குழந்தை உட்கார்ந்த அளவுக்குத் தடம் பதிந்திருந்தது. அம்மியைத் தூக்கி வைத்தால் பதிவதுபோல ஆழமாகப் பதிந்திருந்தது.

அவள் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பயம் வந்தால் சிலர் கையிலிருக்கும் வேலையை இன்னும் வேகமாகச் செய்வார்கள். ஆவுடை அந்த வகை. ஒரு வாய் உனக்கு, ஒரு வாய் எனக்கு என்று ஊட்டினாள். மூன்றாவது உருண்டையை எடுத்தபோது பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது. மூடிய வாயோடு தலையை ஆட்டியது.

"ஒரு வாய் கல்லாயிக்கு," என்று ஆவுடை கையை நீட்டினாள்.

செண்பகத்தின் வாய் திறக்கவில்லை. ஆனால் உருண்டை போய்விட்டது. விரல் நுனியில் ஏதோ பட்டது. குளிர்ச்சியாக, சொரசொரப்பாக, கொத்திய அம்மியைத் தொட்டதுபோல. பிள்ளை அவளைப் பார்த்தது.

"அவளும் போதும்ங்கிறாம்மா," என்றது. "ரொம்ப நாளாவே சொல்லுதாளாம்."

ஆவுடை இலையைத் தூக்கி எறிந்தாள். அன்றோடு ஊட்டுவதை நிறுத்தினாள்.

அதோடு விட்டிருந்தால் நல்ல தாய். ஆனால் மனிதர்கள் ஒரு பக்கம் சாய்ந்தது தெரிந்தால் நேராக நிற்பதில்லை, மறுபக்கம் போய் விழுகிறார்கள். இந்தச் சோறுதான் வினை என்று அவள் முடிவு கட்டினாள். பானைகளை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். காலையில் ஒரு கிண்ணம் நீர்த்த கஞ்சி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அழுதால் வெளியே போகச் சொன்னாள். பிள்ளை மெலிந்தால் அந்தத் தடம் பதித்தவள் விலகிப் போவாள் என்று நினைத்தாள்.

பிள்ளை மெலியவில்லை, வாடியது. அந்த இரண்டும் வேறு. கண்ணுக்குக் கீழே கறுத்தது. கஞ்சிக் கிண்ணத்தை நக்கியது. சாவி தொங்கும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தது. பாண்டி ஆட இப்போதும் போகவில்லை. முன்பு உடம்பு பாரம், இப்போது காலில் பலம் இல்லை.

சுடலை ஒரு நாள் வயலிலிருந்து வந்து பூட்டைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். "நேத்து வரைக்கும் திணிச்சே. இன்னிக்குப் பூட்டுதே. அந்தப் புள்ள கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான். ஆவுடைக்குக் கோபம் வந்தது. உங்கள் வயலுக்காகத்தானே இதெல்லாம் என்று கத்தினாள். கத்தி முடித்துத் திரும்பியபோது செண்பகம் வீட்டில் இல்லை.

தெருவில் இல்லை. கோமு வீட்டில் இல்லை. நாவல் மரத்தடியில் இல்லை.

உச்சி வெயிலில் ஆவுடை குளத்தங்கரைக்கு ஓடினாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாடத்தின் படியில் இருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி செண்பகம். மற்றவள் கைக்குழந்தை உயரமே இருந்தாள். மாடம் காலியாக இருந்தது.

செண்பகம் யாரோ படைத்துவிட்டுப் போன வெல்லக்கட்டியை, எறும்போடு சேர்த்து, வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஆவுடை நெருங்கினாள். அப்போது ஒரு குரல் கேட்டது. பிள்ளைக் குரல்தான். சத்தம் இல்லாமல், வருத்தம்கூட இல்லாமல், நடந்ததைச் சொல்லும் குரல்.

"பசிக்குதுன்னு சொன்னேன். யாரும் கேக்கல. போதும்னு சொன்னேன். அதையும் யாரும் கேக்கல."

சொன்னது செண்பகமா, கல்லாயியா என்று ஆவுடைக்குக் கடைசி வரை தெரியவில்லை. இருவரும் அவள் பக்கம் திரும்பியபோது இரண்டு வாய்களும் திறந்திருந்தன. கல்லாயியினுடையது சிற்பி மூடிச் செதுக்கிய வாய். அறுபத்தோரு ஆண்டுக்கு முன் மூட முடியாமல் போன வாயைப் போல அது திறந்திருந்தது.

ஆவுடை ஓடவில்லை. கால் ஓடச் சொன்னது. ஆனால் தன் பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தது. அவளும் படியில் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் பிள்ளையிடம் கேட்டிராத ஒன்றை அப்போதுதான் கேட்டாள்.

"செண்பகம், பசிக்குதா?"

பிள்ளை வயிற்றில் கையை வைத்து யோசித்தது. நாள்கணக்கில் யாரும் பேசாத ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பதுபோல.

"பசிக்குது."

வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். பூட்டைக் கிணற்றில் போட்டாள். கம்பஞ்சோறும் கீரையும் மோரும் வைத்தாள். ஊட்டவில்லை; தட்டைப் பிள்ளையின் முன்னால் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை தின்றது. பாதி போனதும் நிறுத்தியது. பிறகு இன்னும் இரண்டு வாய் தின்றது. "போதும்," என்றது.

மிச்சச் சோறு தட்டில் இருந்தது. இன்னும் ஒரு வாய் என்ற சொல் ஆவுடையின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். அந்தச் சோற்றை வாசலில் வைத்தாள். அணில் வந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரே வழக்கம்தான். பசிக்கிறதா என்று கேட்பாள். பசித்தால் கம்பஞ்சோறும் தோட்டத்தில் காய்த்ததும் வரும். போதும் என்றால் தட்டை எடுத்துவிடுவாள். பண்டிகைக்கு அதிரசமும் சுட்டாள். செண்பகம் ஒன்றைத் தின்றாள், இன்னொன்றைக் கேட்டு வாங்கித் தின்றாள், மூன்றாவதை மாசானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காலையில் சுடலையோடு கடைமடை வரை நடந்து போனாள், போகும்போது அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, வரும்போது அவனை முந்திக்கொண்டு. மார்கழியில் தெருவில் மறுபடியும் பாண்டிக் கோடு கிழித்தது அவள்தான்.

சுவருக்கு மேலே கோமு எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, தண்ணி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீகளா?"

"தண்ணி வேணும்தான்," என்றாள் ஆவுடை. "ஆனா பிள்ளை வயித்த வெட்டி வாய்க்கால் விட முடியாதில்ல."

கோமு அன்று சிரிக்கவில்லை.

தை வந்தது. குளத்தங்கரையில் ஊர் கூடியது. முன்பெல்லாம் கல்லாயியை ஓர் ஆள் தூக்கித் தட்டில் வைத்துவிடுவார். அந்த ஆண்டு ஆறு பேர் கயிறு கட்டி, தோள் கொடுத்து, மூச்சுப் பிடித்து ஏற்றினார்கள். கோல் முனகியது. எட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிர்த்தட்டில் உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரையும் தட்டு விர்ரென்று மேலே தூக்கியது. மாசானம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். ஊட்டிய கைகளெல்லாம் கீழே சும்மா நின்றன.

ஒன்பதாவதாகச் செண்பகம். அவள் தட்டு எல்லாவற்றிலும் உயரமாகப் போனது. கூட்டத்தில் யாரோ கடைமடைக்குக் காற்றைப் பாய்ச்சுங்கள் என்றார்கள். சுடலை தலையைக் குனிந்துகொண்டான். மடைக்காரர் ஆண்டியப்பன் இறக்கிவிடச் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி," என்றாள் ஆவுடை. "இந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளையளை எல்லாம் பாத்தாச்சு. அந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளையை யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"கல்லுகிட்ட என்னம்மா கேக்கிறது?"

ஆவுடை கல்லின் முன்னால் போய் உட்கார்ந்தாள். செண்பகத்திடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"கல்லாயி, பசிக்குதா?"

குளத்துத் தண்ணீர் அசையவில்லை. ஒரு பிள்ளைகூட இருமவில்லை.

"போதுமா?"

கோல் கிறீச்சென்றது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை.

"உன் பேரைச் சொல்லி என் பிள்ளைக்குத் திணிச்சேன்," என்றாள் ஆவுடை. "உனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம். எனக்குத்தான் வேண்டியிருந்தது. நான் ஊட்டினதை நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்."

செண்பகத்தின் தட்டு ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. ஊர் முழுக்க அதைப் பார்த்தது.

அடுத்து வந்தவள் கோமு. மாசானத்தைப் பிடித்துக்கொண்டு, "நானும் எடுத்துக்கிடுதேன்," என்று மட்டும் சொன்னாள். தட்டு இன்னொரு விரல் இறங்கியது. பிறகு மற்ற ஏழு வீட்டுத் தாய்மார்கள். பிறகு அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளைகளை நிறுத்தவர்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டியவர்கள், ஊட்டச் சொல்லி அதட்டிய அப்பன்மார்கள். ஆண்டியப்பனுக்கும் ஒரு பேரன் உண்டு. அவர் கடைசியாகப் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதையே சொன்னார்.

கோல் நேராக நின்றது.

ஒரு பக்கம் செண்பகம், எதிரே கல்லாயி. இருவரும் ஒரே உயரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தொங்கினார்கள். கல்லின் கண் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. கழுத்தடியில் அந்தச் சின்னக் குழி இருந்தது. செண்பகம் கையை நீட்டி அதில் விரலை வைத்துப் பார்த்தாள்.

முதல் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி வந்தது. நெடுநேரம் பேசினார்கள். பிள்ளையை வைத்து இனி தண்ணீர் பிரிப்பதில்லை, ஓர் ஆண்டு தலைமடையிலிருந்து, மறு ஆண்டு கடைமடையிலிருந்து பாயட்டும் என்று ஆண்டியப்பன் சொன்னார். அந்த ஆண்டு எங்கிருந்து தொடங்குவது என்று திருவுளச் சீட்டுப் போட்டார்கள். தலைமடை வந்தது. ஆவுடையின் வயலுக்குத் தண்ணீர் கடைசியில்தான் போனது. ஆனால் வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து தூர் வாரியிருந்ததால் போய்ச் சேர்ந்தது. விளைச்சல் சுமார்தான். ஊரை விட்டுப் போகும் பேச்சைச் சுடலை மறுபடி எடுக்கவில்லை.

மாசானம் அடுத்த ஆனியில் நாவல் மரத்தின் முதல் கிளை வரை ஏறினான். அதற்கடுத்த ஆனியில் உச்சிக்குப் போனான். கோமு கீழே நின்று பழம் பொறுக்கினாள்.

கேட்டவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை பசிக்கிறது என்றால் நல்ல உணவு கொடுத்து, போதும் என்றால் கையை நிறுத்தி, ஓடி விளையாட விட்டால், அதன் எடை தானாகவே நேராக நிற்கும்.

பெரும்பஞ்சம் முடிந்த எண்பத்தைந்தாம் ஆண்டு, தை மாதம், செண்பகத்தின் மகள் துலாக்கோலில் ஏறினாள். எதிர்த்தட்டில் கல்லாயியை ஓர் ஆளே தூக்கி வைத்தார்.